பாதை போயிட்டு, மறுகா வரும்: ஒரு சிறுவர் கதையின் ஒன்பது வரைவுகள்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரைகளுக்கும் ஊர்வழக்கில் பெயர் உண்டு. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் குருமண்வெளித் துறையிலிருந்து படுவான்கரையில் மண்டூருக்குப் போகிறவர்கள் ‘பாதை’யில் ஏறுவார்கள். இந்தப் பாதை தெரு இல்லை. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் தட்டையான மிதப்புத் தளம். இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட சிறுவர் கதை முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது. எழுதியவர் அதைக் கண்டுகொள்ள நாலு வரைவுகள் தேவைப்பட்டன.

எழுதியவர் படுவான்கரைப் பாடசாலை ஒன்றின் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. முன்பு எதுவும் வெளியிட்டதில்லை. தரம் 3 பிள்ளைகளுக்கு, அதாவது எட்டு வயதுக்காரருக்கு, படக்கதைப் புத்தகம் ஒன்று எழுத வேண்டும் என்பதே அவர் எண்ணம். ஜனவரியில் முதல் வரைவை முடித்தார், ஒக்டோபரில் ஒன்பதாவது வரைவு மாதிரிப் புத்தகமாக நின்றது. பாடசாலை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் நடுவே ஒரு நாளைக்கு அவரால் ஒதுக்க முடிந்தது முக்கால் மணி நேரம். சிறுவர் கதை எழுத விரும்பி, நேரமில்லை என்று தள்ளிப்போடுகிறவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசிக்கலாம்.

முதல் வரைவு: 1,840 சொற்கள்

தொடக்கம் இப்படி இருந்தது:

“இலங்கைத் திருநாட்டின் கிழக்குக் கரையில் இயற்கை எழில் கொஞ்சும் மட்டக்களப்பு மாவட்டம் அமைந்துள்ளது. அங்கே 56 கிலோமீற்றர் நீளமான வாவி ஒன்று காணப்படுகின்றது. அவ்வாவியின் மேற்குக் கரையிலுள்ள மண்டூர்க் கிராமத்தில் வசிக்கும் தனது அம்மம்மாவைப் பார்ப்பதற்காக, பாடசாலை விடுமுறையில் கொழும்பிலிருந்து நிலா தனது பெற்றோருடன் வருகை தந்திருந்தாள்.”

இதில் பிழை ஒன்றும் இல்லை. தகவல் சரி, இலக்கணம் சரி. சுற்றாடல் பாடத்துக்கு நல்ல பந்தி. ஆனால் மூன்று வசனம் முடியும்வரை ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. யாருக்கோ ஏதோ வேண்டும், அது கைக்கு எட்டவில்லை என்ற இடத்தில்தான் கதை தொடங்கும். அதுவரை வருவது முகவுரை.

மீதிக் கதை இதுதான். வாவியின் பாடும் மீனைப் பற்றி அப்பா விளக்குகிறார். நிலா பணிஸ் சுற்றிய பொலித்தீனைத் தண்ணீரில் போடுகிறாள். அம்மம்மா கண்டிக்கிறார். இரவு கனவில் மீன்கள் அழுகின்றன. காலையில் நிலா இனிமேல் குப்பை போடமாட்டேன் என்று உறுதிமொழி எடுக்கிறாள். நடுவில் பாதையில் வந்த முஸ்லிம் வியாபாரி ஒருவரும் அப்பாவும் இன ஒற்றுமை பற்றி ஒரு பக்கம் பேசிக்கொள்கிறார்கள்.

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிற பலருக்கும் முதல் பக்கத்தில் பாடும் மீன் வந்துவிடும். மீன்பாடும் தேன்நாடு என்ற பெயரில் நமக்குள்ள பெருமை நியாயமானதுதான். என்றாலும் அந்த மீன் ஏற்கெனவே நகரத்தின் வளைவுகளிலும் விழா மலர்களின் அட்டைகளிலும் நிற்கிறது. கதையில் அதற்கு வேலை இருந்தால் மட்டுமே அது வர வேண்டும். இந்தக் கதையில் அதற்கு வேலை இல்லை. மூன்றாவது வரைவில் எடுத்துவிட்டார்கள், கதை எங்கேயும் இடறவில்லை.

வகுப்பில் வாசித்தபோது

இரண்டாவது வரைவு பெப்ரவரியில் தரம் 3 வகுப்பொன்றில், அதிபரின் அனுமதியோடு, 26 பிள்ளைகளுக்கு வாசிக்கப்பட்டது. வாசித்தவர் வேறொரு ஆசிரியர். எழுதியவர் பின்வாங்கில் கொப்பியோடு இருந்தார். தானே வாசிக்கும் எழுத்தாளர் பிள்ளைகளைப் பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்க்கிறார். அதோடு தெரியாமலே தன் குரலால் கதையின் ஓட்டைகளை அடைத்துவிடுகிறார். அதனால்தான் இந்த ஏற்பாடு.

“கதை பிடிச்சதா?” என்று கேட்கக் கூடாது. கேட்டால் வகுப்பே ஒரே குரலில் “ஓம் டீச்சர்” என்று சொல்லும். அதைக் கேட்டு ஏமாந்த புத்தகங்கள் நிறைய. பார்க்க வேண்டியது உடம்பை. எந்த இடத்தில் பென்சில் பெட்டி திறக்கிறது, எந்த இடத்தில் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுகிறார்கள், எந்த இடத்தில் கழுத்து முன்னால் வருகிறது என்று பிரதியின் ஓரத்தில் நிமிடத்தோடு குறித்துக்கொண்டே போக வேண்டும்.

குறிப்பு இப்படி வந்தது. மூன்றாம் நிமிடம், வாவியின் நீளம் சொல்லும் இடம்: அசைவு தொடக்கம். ஆறாம் நிமிடம்: சிரிப்பு. எட்டாம் நிமிடத்திலிருந்து பதினேழாம் நிமிடம்வரை ஒன்றுமில்லை. முடிவில் கைதட்டல்.

அந்த ஆறாம் நிமிடச் சிரிப்பு எழுதியவரே மறந்துபோயிருந்த ஒரு வசனத்துக்கு வந்தது. துறையில் நின்று அப்பா, “பாதை இன்னும் வரல்ல” என்கிறார். கொழும்புப் பிள்ளையான நிலா, “பாதை எப்படி அப்பா வரும்? நாங்கதானே பாதையில போறது?” என்று கேட்கிறாள். முதல் வரைவில் இது ஒன்பதாம் பந்தியில் இரண்டு வரி. அடுத்த வரியிலேயே அப்பா, “இங்கு படகுச் சேவையைப் பாதை என்று அழைப்பர்” என்று விளக்கி அதை மூடிவிடுகிறார்.

மறுநாள் அதே வகுப்பில் பிள்ளைகளைக் கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். இதைவிட நல்ல சோதனை இல்லை. பிள்ளை தன் வாயால் திருப்பிச் சொல்வது கதை, விட்டுவிடுவது எழுத்தாளரின் ஆசை. பதினொரு பிள்ளைகள் சொன்னார்கள். பதினொருவரும் பாதை வருகிற இடத்தைச் சொன்னார்கள். பொலித்தீனை இருவர் சொன்னார்கள். மீன் அழுததை ஒருவரும் சொல்லவில்லை. ஒரு பிள்ளை மட்டும் கதையில் இல்லாத ஒன்றைச் சேர்த்துச் சொன்னது: “பாதை திரும்பிப் போயிட்டு. அவக்கு இனி வீட்ட போகேலாது.”

அந்தப் பிள்ளை சேர்த்ததுதான் கதை.

பயம் கிடைத்தது, நடு கிடைக்கவில்லை

நாலாவது வரைவிலிருந்து நிலாவுக்கு ஒரு கவலை இருக்கிறது. தெரு ஒரே இடத்தில் கிடக்கும், வந்த வழியே திரும்பலாம். இந்தப் பாதையோ நம்மை இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. போன பாதை வராவிட்டால்? எட்டு வயதுக்கு இது முழுக் கவலை. பெரியவர்களுக்குச் சின்னதாகவும் பிள்ளைக்கு மலையாகவும் இருக்கும் கவலைதான் இந்த வயதுக் கதைக்குத் தோதான அளவு. கிழக்கில் வளர்ந்த பெரியவர் ஒருவர், போனது திரும்பி வருமா என்ற கேள்வியை வாசிக்கையில் வேறு பலதையும் நினைப்பார். 2004 டிசம்பர் 26 உம் அதற்கு முன்னான வருடங்களும் இந்தக் கரையில் எல்லா வீட்டிலும் இருக்கின்றன. அதைக் கதை தொட்டுச் சொல்லத் தேவையில்லை. பிள்ளை பாதையைப் பற்றிக் கேட்கட்டும், வாசித்துக் காட்டும் அம்மம்மா தனக்குத் தெரிந்ததைத் தன்னோடு வைத்துக்கொள்வார்.

ஐந்தாவது வரைவு பிழையாகப் போனது. புத்திமதியை வெட்டச் சொன்னதும் எழுதியவர் எல்லாவற்றையும் வெட்டிவிட்டார். 1,840 சொற்கள் 310 ஆகின. பாதை போகிறது, நிலா அழுகிறாள், காலையில் பாதை வருகிறது. அழகாகத்தான் இருந்தது, ஆனால் கதை இல்லை. நிலா ஒன்றும் செய்யவில்லை. காத்திருந்தாள், அவ்வளவே. புத்திமதிக் கதைகளிலும் இதே கோளாறுதான் இருக்கும்: பெரியவர் பேசுவார், பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும். புத்திமதியை எடுத்த பிறகும் பிள்ளை சும்மா இருந்தால் பழைய கதையின் எலும்புக்கூடுதான் மிஞ்சும்.

அதனால் ஆறாவது வரைவுக்கு முன் எழுதியவரிடம் ஒரே ஒரு வேலை கொடுக்கப்பட்டது. பாதை போகாமல் இருக்க எட்டு வயதுப் பிள்ளை செய்யக்கூடிய பத்துக் காரியத்தை எழுத வேண்டும், நல்லது கெட்டது பார்க்கக் கூடாது. முதல் நாலும் எல்லாருக்கும் தோன்றுவதாக இருந்தன: கெஞ்சுவது, அழுவது, அப்பாவிடம் சொல்வது, ஒளிந்துகொள்வது. ஏழாவதாக வந்தது ரிப்பன். தன் தலை ரிப்பனை அவிழ்த்துப் பாதையின் சங்கிலியில் கட்டிவிட்டால் அது தன்னுடையதாகிவிடும், தன்னுடையது தன்னிடம் திரும்பி வரும் என்று நிலா நினைக்கிறாள். பிள்ளையின் நியாயம் இப்படித்தான் ஓடும். பட்டியல் பத்துவரை போக வேண்டும் என்பது இதற்காகவே: முதல் நாலு யோசனை எல்லாருடையதும், எழுதுபவருக்கே உரியது அதற்குப் பிறகுதான் வரும்.

மூன்று முயற்சிகள் நிலைத்தன. பாதை ஓட்டுபவரிடம் “நிப்பாட்டி வையுங்க மாமா” என்று கேட்கிறாள், அவர் சிரிக்கிறார். இறங்காமல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பின்னால் மோட்டார் சைக்கிள்கள் ஹோன் அடிக்கின்றன. கடைசியாக ரிப்பனைக் கட்டுகிறாள். ஒவ்வொரு முயற்சியும் முந்தியதைவிட அவளுக்குக் கூடுதலாகச் செலவு வைக்கிறது: முதலில் ஒரு சொல், பிறகு வெட்கம், கடைசியில் தன் சொந்தப் பொருள். முயற்சிகளை அடுக்கும்போது எண்ணிக்கையைவிட இந்த ஏற்றத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ரிப்பன் திடீரென்று முளைக்கக் கூடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆறாவது வரைவில் அது கட்டும் பக்கத்தில்தான் முதன்முதலாக வந்தது. பிள்ளைகள் அதை ஏற்கவில்லை. “அவக்கு எங்கால ரிப்பன்?” என்று கேட்டார்கள். ஏழாவது வரைவில் கதையின் முதல் பக்கத்திலேயே அம்மா நிலாவின் அவிழ்ந்த ரிப்பனைத் திரும்பக் கட்டிவிடுகிறார். எழுத்தில் அது இல்லை, படத்தில் மட்டும் இருக்கிறது.

தண்ணீரும் பிள்ளையும்

ஏழாவது வரைவை வாசித்த ஒரு பாட்டி ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ரிப்பனைக் கட்ட நிலா பாதையின் ஓரத்துக்குப் போய் எட்டிக் குனிகிறாள். படத்தைப் பார்க்கும் பிள்ளையும் நாளைக்கு அதையே செய்யும்.

இது வெறும் பதற்றம் இல்லை. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட கிழக்குப் பிள்ளைகளுக்குத்தான் இந்தப் புத்தகம் போகப்போகிறது. ரிப்பன் கட்டும் இடம் ஏறுவாயிலின் சங்கிலிக்கு மாற்றப்பட்டது. பாதை கரையோடு அணைந்து நிற்கிறது, அப்பா நிலாவின் மற்றக் கையைப் பிடித்திருக்கிறார். எல்லாப் படத்திலும் பிள்ளைகள் உயிர்காப்பு அங்கி போட்டிருக்கிறார்கள். இது பற்றி எழுத்தில் ஒரு சொல்லும் இல்லை. படத்தால் முடிகிற காரியத்துக்குப் படம் போதும்.

எந்தத் தமிழ்

மிகக் கூடுதலான நேரம் போனது இதில்தான், போக வேண்டியதும் இதில்தான்.

விவரிப்பு எளிய எழுத்துத் தமிழில், உரையாடல் ஊர்ப் பேச்சில் என்பது முடிவு. இரண்டையும் ஒரே வசனத்தில் கலப்பதில்லை. நிலா “நிப்பாட்டி வையுங்க” என்பாள், கதை சொல்பவர் “பாதை நிற்கவில்லை” என்பார். தரம் 3 பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் பாடப்புத்தகத்தில் பழகியது, பேச்சு காதில் பழகியது. இரண்டும் தத்தம் இடத்தில் நின்றால் இடறாது.

எட்டாவது வரைவில் எழுதியவர் உற்சாகத்தில் மட்டக்களப்புச் சொற்களை அள்ளிப் போட்டுவிட்டார். “கிறுகிப் பாத்தாள்” (திரும்பிப் பார்த்தாள்) விவரிப்புக்குள்ளேயே வந்துவிட்டது. வாசிக்கச் சுவைதான். ஆனால் வவுனியாவிலோ ஹட்டனிலோ உள்ள பிள்ளை ஒரு பக்கத்தில் நாலு புதுச்சொல்லைச் சந்தித்தால் புத்தகத்தை மூடிவிடும். ஆகவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள்: வேறு ஊர்ப் பிள்ளைக்குப் புரியாத சொல் கதை முழுக்க இரண்டு, அந்த இரண்டும் கதையைச் சுமக்க வேண்டும். ஒன்று பாதை. மற்றது மறுகா.

முந்திய வரைவொன்றில் அம்மம்மா, “கவலைப்படாதே, அது மீண்டும் வருகை தரும்” என்று சொல்லியிருந்தார். எந்த மண்டூர் அம்மம்மாவும் அப்படிப் பேசமாட்டார். இறுதி வரைவில்:

“பாதை போயிட்டு!” என்றாள் நிலா.
“மறுகா வரும் மனே” என்றார் அம்மம்மா.

மறுகா என்றால் பிறகு, இன்னொரு முறை என்று அடிக்குறிப்புப் போட வேண்டுமா என்ற கேள்வி வந்தது. போடவில்லை. மாறாக அந்தச் சொல் மூன்று இடத்தில் வருகிறது. முதலில் சோறு போடும்போது அம்மம்மா, “இத முதல்ல தின்னு, மறுகா தயிர் தாறன்” என்கிறார். அடுத்த படத்தில் தயிர்ச் சட்டி வருகிறது. சொல்லின் பொருள் அங்கேயே பிள்ளைக்குப் பிடிபட்டுவிடுகிறது. அதற்குப் பிறகுதான் பாதையைப் பற்றிய “மறுகா வரும்”. கடைசியாக, நிலாவே அதைச் சொல்கிறாள். சாப்பாட்டில் கற்ற சொல்லைக் கவலையில் கேட்டு, பிறகு தன் வாயால் சொல்லும்போது அது அவளுடையதாகிறது. அகராதியால் இது முடியாது.

“போயிட்டு” என்பதில் ஒரு சிக்கல் இருந்தது. மட்டக்களப்புக் காதுக்கு அது முடிந்த வினை. வேறு ஊர் வாசகர் அதை ‘போய்விட்டு’ என்று எடுத்து அடுத்து என்ன என்று காத்திருப்பார். சொல்லை மாற்றாமல், பின்னாலேயே விவரிப்பில் “பாதை போய்விட்டது” என்று ஒரு வரி சேர்த்தார்கள். சிறிய வசனம், அந்த இடத்தின் தனிமைக்கும் உதவியது.

அந்த முஸ்லிம் வியாபாரியின் ஒற்றுமை உரையாடல் முழுதும் போய்விட்டது. ஆள் போகவில்லை. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தமிழ் பேசும் பிள்ளைகளில் பெரிய பங்கினர் முஸ்லிம் வீடுகளில் வளர்கிறவர்கள். காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் உள்ள பிள்ளைக்கும் இந்தப் புத்தகம் சொந்தமாக இருக்க வேண்டும். இப்போது அவர் சைக்கிளில் ஐஸ்பழம் விற்கிற காக்கா, முஸ்லிம் வழக்கில் அண்ணன். நிலாவிடம் ரிப்பன் முடிச்சைப் பார்த்து, “இது இழுத்தா அவிழும் புள்ள, இப்புடிக் கட்டணும்” என்று காட்டிக்கொடுக்கிறார். முடிச்சு அவிழாமல் திரும்பி வந்ததற்குக் காரணம் அவர்தான். ஒற்றுமை என்ற சொல் புத்தகத்தில் எங்கும் இல்லை.

சொற்கணக்கு பற்றியும் கொஞ்சம். இந்தியப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையக் கதைத் தளம் கதைகளை நாலு வாசிப்பு நிலைகளாகப் பிரிக்கிறது: முதல் நிலை 250 சொற்கள்வரை, இரண்டாம் நிலை 250 முதல் 600, மூன்றாம் நிலை 600 முதல் 1,500, நாலாம் நிலை அதற்கு மேல். பயன்படுத்தத் தக்க அளவுகோல். ஆனால் தமிழில் சொல்லை எண்ணுவது மட்டும் போதாது. “சென்றுகொண்டிருக்கும்போதெல்லாம்” என்பதும் ஒரு சொல், “வா” என்பதும் ஒரு சொல். இந்தக் கதையில் எழுத்தை எண்ணினார்கள். பத்து எழுத்துக்கு மேல் போகும் சொல் ஒவ்வொன்றையும் வட்டமிட்டு, பிரிக்கவோ மாற்றவோ முடியுமா என்று பார்த்தார்கள். முதல் வரைவில் பக்கத்துக்கு ஏழெட்டு வட்டம் இருந்தது. கடைசி வரைவில் முழுப் புத்தகத்துக்கும் ஆறு. சொற்கள் 610.

இறுதித் தொடக்கம்:

“பாதையில ஏறினா அக்கரை. அக்கரையில அம்மம்மா” என்றார் அப்பா.
நிலா பார்த்தாள்.
முன்னால் தண்ணீர்தான் இருந்தது.
பாதை எங்கே?

இருபத்து நாலு பக்கம்

புத்தகம் 24 பக்கம், நடுவில் கம்பி அடிப்பது. கம்பி அடிக்கும் புத்தகத்தின் பக்க எண்ணிக்கை நாலின் மடங்காகவே இருக்க வேண்டும், ஏனெனில் ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம். முதல் பக்கம் தலைப்பு, இரண்டாம் பக்கம் பதிப்பு விபரம். கதை மூன்றாம் பக்கத்தில் தனிப்பக்கமாகத் தொடங்கி, 4–5 முதல் 22–23 வரை பத்து இரட்டைப் பக்கங்களில் ஓடி, 24இல் தனிப்பக்கமாக முடிகிறது. ஆக மொத்தம் பன்னிரண்டு படங்கள், படத்துக்குச் சராசரி ஐம்பது சொற்கள். ஆறு ஏ4 தாளை ஒன்றாக மடித்து நடுவில் இரண்டு கம்பி அடித்தால் மாதிரிப் புத்தகம் ஆயிற்று. கணினியில் பார்த்தால் தெரியாத ஒன்று அதில் தெரியும்: பக்கம் திருப்பும் கணம். “பாதை எங்கே?” மூன்றாம் பக்கத்தின் கடைசியில் நிற்கிறது. திருப்பினால் இரட்டைப் பக்கம் முழுக்கப் பாதை. அதே கேள்வியும் விடையும் ஒரே விரிப்பில் இருந்திருந்தால் அந்தச் சிரிப்புப் போயிருக்கும்.

ஓவியர் வேறு மாவட்டத்துக்காரர். எழுத்தில் “பாதை” என்று மட்டும் இருந்ததால் முதல் பென்சில் வரைவில் கூரை போட்ட சுற்றுலாப் படகு ஒன்றை வரைந்து அனுப்பினார். அவர்மேல் குறை இல்லை. இதை எழுதியவர்தான் தடுத்திருக்க வேண்டும். படம் கேட்கும்போது வசனத்தை மட்டும் அனுப்பாமல் துறை, தளம், சங்கிலி, ஏறுபலகை, கரையில் நிற்கும் கண்ணா மரம் என்று இருபது கைத்தொலைபேசிப் படங்களாவது அனுப்ப வேண்டும்.

இரண்டாவது பிழை பெரியது, கதைக்கு நன்மையாக முடிந்தது. மாலையில் குருமண்வெளியிலிருந்து புறப்படும் படத்தில் சூரியன் நிலாவின் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொண்டிருந்தது. படுவான்கரைக்குப் போகிறவருக்குச் சூரியன் முன்னால்தான் படும், பெயரிலேயே இருக்கிறது. அதைத் திருத்தப்போனபோதுதான் காலைக் காட்சி எப்படி இருக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. மண்டூர்க் கரையில் நின்று பார்த்தால் பாதை எழுவான்கரையிலிருந்து, எழும் சூரியனுக்குள்ளிருந்து வரும். முதலில் ஒரு கறுப்புக் கோடு, பிறகு ஆட்களின் நிழலுரு, பிறகு அந்த நிழலில் ஒரே ஒரு நிறம் மட்டும் ஆடுகிறது. கடைசி மூன்று படங்களையும் வாவியின் திசையே கொடுத்துவிட்டது.

அச்சுக்கு: படங்கள் அச்சாகும் அளவிலேயே 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), சீஎம்வைகே என்ற நாலு மை அச்சு நிறத்தில், வெட்டுக்காகச் சுற்றிவர 3 மில்லிமீற்றர் கூடுதலாக. முகமும் எழுத்தும் ஓரத்திலிருந்தும் நடுமடிப்பிலிருந்தும் 10 மில்லிமீற்றராவது தள்ளி. எழுத்து 20 புள்ளி, இடப்பக்கம் சீராக. இரு பக்கமும் இழுத்துச் சீராக்கினால் சொற்களிடையே ஓட்டை விழும், வரி முடிவில் சொல் இரண்டாக உடையும். தமிழில் உடைந்த சொல்லுக்கு அடையாளக் கோடு போடும் வழக்கம் இல்லாததால் எட்டு வயதுப் பிள்ளை இரண்டு அர்த்தமில்லாத துண்டுகளை வாசிக்கும்.

அச்சகங்கள் பலவற்றில் இன்னும் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துரு ஓடுகிறது. யூனிகோட்டில் தட்டிக் கொடுத்ததை அவர்கள் மாற்றும்போது, “பௌர்ணமி”யில் உள்ள ஔகாரக் குறி உடைந்து ளகரமாகிவிடும். கண்ணுக்குச் சட்டென்று படாது. மாற்றிய பிறகு வந்த பிரதியை முதல் சொல்லிலிருந்து திரும்ப ஒப்புநோக்க வேண்டும், அதுவும் கதையைத் தெரியாத ஒருவரைக் கொண்டு.

அனுப்பியதும் வந்ததும்

எட்டாவது வரைவு இரண்டு பதிப்பகங்களுக்குப் போனது. ஒன்றிலிருந்து பதில் இல்லை. மற்றது பாராட்டிவிட்டு, கடைசியில் “படிப்பினை” ஒன்று சேர்த்துத் தரும்படி கேட்டது. பெற்றோரும் பாடசாலைகளும் அதைப் பார்த்துத்தான் வாங்குவார்கள் என்பது அவர்கள் நியாயம். எழுதியவர் இரண்டு வாரம் யோசித்து மறுத்தார். மறுத்தது சரி. நாலாம் வரைவு தொடங்கி ஒவ்வொரு மாற்றமும் பிள்ளைகளின் உடம்பையும் வாயையும் பார்த்துச் செய்தது. படிப்பினை என்ற ஒரு வரி அத்தனையையும் திரும்ப வகுப்புப் பாடமாக்கிவிடும். ஆனால் மறுக்கும் கடிதம் சண்டையாக இருக்கவில்லை. பிள்ளைகள் திருப்பிச் சொன்னதன் குறிப்பை இணைத்து, ஏன் வேண்டாம் என்று ஒரு பக்கத்தில் எழுதினார். கதவு திறந்தே இருக்கிறது.

300 பிரதி சொந்தமாக அச்சிடுவது என்று முடிவு. 2022க்குப் பிறகு தாள் விலை நிலையாக நிற்காததால், மூன்று அச்சகங்களில் ஒரே விபரத்தைக் கொடுத்து எழுத்தில் விலை கேட்டார்கள்: பக்கம், அளவு, உள்தாளின் கிராம், அட்டையின் கிராம், நிறம், கம்பி, பிரதி எண்ணிக்கை. ஒன்று விடுபட்டாலும் மூன்று விலையையும் ஒப்பிட முடியாது. ஐஎஸ்பிஎன் என்ற சர்வதேச நூல் எண் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் பெறுவது. இலங்கை எண்கள் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். பதிப்புரிமைக்குப் பதிவு ஒன்றும் தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைத்த கணத்திலேயே உரிமை எழுதியவருக்கு உண்டு. ஆனால் படங்களின் உரிமை ஓவியருடையது. எத்தனை பிரதி, மறுபதிப்புக்கு என்ன, மின்னூலுக்கு என்ன, அட்டையில் பெயர் எந்த அளவில் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். நட்பாக இருக்கும்போதுதான் இதை எழுத வேண்டும்.

கடைசி வாசிப்பு

ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் மாதிரிப் புத்தகம், வேறொரு பாடசாலையின் தரம் 3 பிள்ளைகளிடம் ஒரு தடவைக்கு ஐந்து பேராகக் கொடுக்கப்பட்டது. வாசித்துக் காட்டவில்லை, அவர்களே வாசித்தார்கள்.

ஒன்பதாவது வரைவுவரை கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: “நிலா மகிழ்ச்சியோடு ஓடினாள்.” மாதிரிப் புத்தகத்துக்கு முதல்நாள் அதையும் எடுத்தார்கள். 24ஆம் பக்கத்தில் எழுத்தே இல்லை. சங்கிலி, அதில் நனைந்த ரிப்பன், அதை நோக்கி நீளும் ஒரு சிறு கை.

ஒரு பிள்ளை அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பிப் பார்த்தது. பிறகு மூன்றாம் பக்கத்துக்குப் போனது. விரலை வைத்துக்கொண்டு திரும்பக் கடைசிப் பக்கத்துக்கு வந்தது. மூன்று தரம் இப்படிப் போய்வந்தபின் நிமிர்ந்து, “சேர், இது அவட ரிப்பன் இல்ல” என்றது. மூன்றாம் பக்கத்தில் அம்மா கட்டிவிட்டது நீலம். சங்கிலியில் இருந்தது பச்சை. எழுதியவரும் ஓவியரும் ஒப்புநோக்கிய இருவரும் பார்க்காதது. அன்று மாலையே ஓவியருக்கு அறிவித்து, சங்கிலிப் படங்கள் நாலிலும் ரிப்பனை நீலமாக்கி, கோப்புகளை அச்சகத்துக்கு அனுப்பினார்கள்.